பெயரில்லாத பதக்கங்கள்

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பார்க்கவேண்டியவை என்று ஒரு ஜாபிதா வைத்திருப்பார்கள். கடற்கரைச் சாலை, மணக்குள விநாயகர் கோவில், அரவிந்தாசிரமம், பாரதியார் வசித்த வீடு, செஞ்சியிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் கல் தூண்கள் எட்டும் சூழ நிற்கும் காந்தி சிலை என்று அது நீளும். இவற்றை முன்னமே பலமுறை பார்த்துவிட்ட காரணத்தால், இந்த விடுமுறையில் நாம் அந்த ஜாபிதாவில் இல்லாத ஓரிடத்துக்குப் போனோம். அது ஒரு பழைய சாமான் கடை.

இத்தகைய கடைகள் இவ்வூரில் பல உண்டு. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன நாற்காலிகள், நிலைக் கண்ணாடிகள், முள் நின்றுபோன கடிகாரங்கள், கைப்பிடி இல்லாத பீங்கான் கோப்பைகள் யாவும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். நாம் தேடிப் போனது இவற்றையல்ல. கடைக்காரரின் மேஜை அறையில் ஒரு தகர டப்பா இருந்தது. அதில் யுத்த காலத்துக் கப்பற்படைச் சின்னங்களும் ராணுவப் பதக்கங்களும் கிடந்தன.

"பாருங்கள் ஸார், எல்லாம் அசல். கப்பல்காரர்கள் போட்டுக்கொண்டது" என்று சொல்லி, டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தார் அவர். கறுத்த வெண்கலமும், மங்கிய எனாமலும், நூல் பிரிந்த நாடாக்களும் கலகலவென்று விழுந்தன. பத்தில் ஆறிலாவது ஒரு நங்கூரம் பொறித்திருந்தது.

நங்கூரத்தைக் கண்டதும் கப்பற்படை என்று நினைப்பது இயல்பே. ஆனால் பிரெஞ்சுக்காரர் விஷயத்தில் இந்த நினைப்பு பாதிதான் சரி. அந்நாட்டில் குடியேற்ற நாடுகளைக் காப்பதற்கென்று தனியாக ஒரு காலாட்படையும் பீரங்கிப் படையும் இருந்தன. ஆதியில் அவை கப்பற்படை அமைச்சின் ஆதீனத்தில் இருந்தவை. 1900-ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தின் மூலம் அவற்றைத் தரைப்படை அமைச்சுக்கு மாற்றினார்கள். எஜமானர் மாறினாரேயொழிய சின்னம் மாறவில்லை. பழைய நங்கூரம் தொப்பியிலும் பொத்தானிலும் காலர்ப் பட்டையிலும் அப்படியே நின்றுவிட்டது; இன்றும் அப்படைக்கு அதுவே அடையாளம். ஆகையால், கப்பலில் ஒருநாளும் உத்தியோகம் பார்க்காமல், பிரயாணியாக மட்டும் ஏறி இறங்கியவர்களும் நங்கூரம் அணிந்தவர்களே. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பிரெஞ்சுப் படைக்குப் போன தமிழர் பலர் இந்த வகுப்பைச் சேர்ந்தவர்கள். கடைக்காரர் "கப்பல்காரர்" என்று சொன்ன டப்பாவில் உண்மையில் கிடந்தது பெரும்பாலும் தரைப்படைதான்.

உண்மையான கப்பற்சின்னங்களும் இரண்டொன்று இருந்தன. அவற்றின் பூர்வ கதை சுவையானது. பழைய போர்க்கப்பல்களில் பீரங்கியின் வாய்க்குள் கடல் நீர் புகாதபடி ஒரு மூடியால் அடைத்து வைப்பார்கள். அந்த மூடியின் முகப்பை அலங்கரிக்கும் வழக்கம் உண்டாயிற்று. பீரங்கிகள் மாறின, மூடியின் தேவை குறைந்தது, அலங்காரம் மட்டும் தனியே பிழைத்துக்கொண்டு, ஒவ்வொரு கப்பலுக்கும் உரிய வட்டச் சின்னமாயிற்று. பிரெஞ்சுக் கப்பற்படையார் இன்றுவரை அதைத் "தாப் தெ பூஷ்" என்றே அழைக்கிறார்கள். வாய்மூடி என்பது பொருள். மாலுமியின் மார்பில் குத்தும் சிறிய எனாமல் வில்லை பலவும் அதே உருவத்தைத்தான் சுருக்கிக் காட்டும்.

இந்த வகையில் புதுச்சேரிவாசிகளுக்குத் தனிச் சுவாரசியம் உள்ள கப்பல்கள் உண்டு. கடற்கரைக்கு ஒரு கோடியில் துய்ப்ளேக்ஸ் சிலை நிற்கிறது. ஊருக்குள்ளே சுஃப்ரேன் பெயரால் ஒரு வீதி இருக்கிறது. இவர்கள் இருவர் பெயரையும் பிரெஞ்சுக்காரர் தங்கள் போர்க்கப்பல்களுக்கு வைத்தார்கள். 1920-களின் கடைசியிலிருந்து 1930-களின் தொடக்கம்வரை கட்டிய நான்கு பெரிய க்ரூஸர்க் கப்பல்களில் ஒன்று "சுஃப்ரேன்", மற்றொன்று "துய்ப்ளேக்ஸ்". 1942 நவம்பர் 27-ஆம் தேதி, தூலோன் துறைமுகத்தை ஜெர்மானியர் கைப்பற்ற வந்தபோது, எதிரி கையில் சிக்கலாகாதென்று பிரெஞ்சுக்காரர் தங்கள் கப்பற்படையைத் தாங்களே மூழ்கடித்தார்களே, அன்று மூழ்கியவற்றில் "துய்ப்ளேக்ஸ்" ஒன்று. "சுஃப்ரேன்" அச்சமயம் அலெக்ஸாந்திரியாவில் இருந்த காரணத்தால் தப்பிற்று. பூமியில் துய்ப்ளேக்ஸின் ராஜ்யக் கனவும் கடலில் அவர் பெயர் தாங்கிய கப்பலும் கடைசியில் அந்நாட்டார் கையாலேயே முடிந்தன என்று நம்முடைய நண்பர் வேடிக்கையாகச் சொன்னார்.

நண்பரைப் பற்றிச் சொல்லாமல் விட்டோம். அவர் அவ்வூரில் பிரெஞ்சு மொழி கற்பிக்கும் ஆசிரியர். அவர் உடன் வராவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதி இல்லை.

டப்பாவில் நம் கண்ணைப் பிடித்தது சாய்சதுரமான ஒரு சிறு வில்லை. அதன் நடுவே இரண்டு குறுக்குக் கைகளுள்ள சிலுவை. இதுதான் லொரேன் சிலுவை. 1940 ஜூனில் பிரான்சு ஜெர்மனியிடம் பணிந்தபோது, பணிய மறுத்து லண்டனுக்குச் சென்ற ஜெனரல் தெ கோல் திரட்டிய சுதந்திரப் பிரெஞ்சுப் படையின் அடையாளம் அது. சாய்சதுர வடிவம் அவருடைய கப்பற்படைக்கு உரியது. பிரெஞ்சு இந்தியாவின் கவர்னராயிருந்த லூயி பொன்வேன் 1940 செப்டம்பரில் தெ கோலின் பக்கம் சேர்ந்தார். இதனால் இந்தச் சிறு கடற்கரை ஊர், சுதந்திரப் பிரான்சுக்கு முதன்முதலாகத் தோள் கொடுத்த குடியேற்றங்களில் ஒன்றாயிற்று. "சுதந்திரப் பிரான்சு" என்ற பெயரைத் தன் சுதந்திரம் இன்னும் வராத ஊர் ஒன்று தாங்கிக்கொண்டு நின்ற விசித்திரத்தை நேயர்கள் கவனிக்கவேண்டும். புதுச்சேரிக்கு அந்த நாள் வர மேலும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் கூடிய பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது.

சின்னங்களை விட்டுப் பதக்கங்களுக்கு வருவோம். பிரெஞ்சுப் பதக்கங்களில் அதிகமாகக் கிடைப்பது "க்ருவா தெ கேர்", அதாவது யுத்தச் சிலுவை. 1915 ஏப்ரலில் ஏற்படுத்தினார்கள். சிற்பி பர்த்தொலோமே என்பவர் வடித்த உருவம்: குறுக்கிட்ட இரண்டு வாள்கள், நடுவே குடியரசைக் குறிக்கும் பெண் தலை. பச்சை நாடாவில் மெல்லிய சிவப்புக் கோடுகள். எந்தப் படைப்பிரிவின் உத்தரவில் வீரனைப் பாராட்டினார்களோ அதற்கேற்ப நாடாவில் ஓர் அடையாளம் ஏறும். ரெஜிமெண்டு பாராட்டினால் வெண்கல நட்சத்திரம். டிவிஷன் பாராட்டினால் வெள்ளி நட்சத்திரம். கோர் பாராட்டினால் பொன் முலாம் பூசிய நட்சத்திரம். முழுச் சேனையுமே பாராட்டினால் வெண்கலத்தில் ஒரு குருத்தோலை. சிலுவையின் முதுகில் ஆண்டுகள் மட்டும் இருக்கும்: 1914–1915, 1914–1916, 1914–1917, 1914–1918. யுத்தம் எப்போது முடியும் என்று தெரியாமல் ஆண்டுதோறும் அச்சை மாற்றிக்கொண்டே போனார்கள் என்பதற்கு இதைவிடத் துயரமான சாட்சி வேண்டியதில்லை. இரண்டாம் யுத்தத்துக்கு 1939-இல் வேறு சிலுவை வந்தது. அதன் நாடாவில் சிவப்பு மிகுந்து பச்சை கோடாயிற்று.

இவற்றுக்கு மேலே "மெதாய் மிலித்தேர்" என்ற ராணுவப் பதக்கம். 1852-இல் ஏற்பட்டது, மஞ்சள் நாடா, பச்சை ஓரம். இதில் ஒரு நியாயம் உண்டு. இது சாதாரண வீரர்களுக்கும் ஹவில்தார் தரத்து உத்தியோகஸ்தர்களுக்கும், யுத்தத்தில் சேனையை நடத்திய பெரிய தளபதிகளுக்கும் மட்டுமே உரியது. இடையில் உள்ள லெஃப்டினெண்டுகளும் காப்டன்களும் ஆசைப்பட்டும் பயனில்லை! எல்லாவற்றுக்கும் சிகரம் நெப்போலியன் 1802-இல் ஸ்தாபித்த "லெழியோன் தொன்னேர்", சிவப்பு நாடா. இந்தக் கௌரவத்தோடு வரும் வருஷச் சன்மானம் கடைசிப் படியில் 6 யூரோ 10 சென்டு; மெதாய் மிலித்தேருக்கு 4 யூரோ 57 சென்டு. பதக்கத்தையோ லெழியோன் தொன்னேர் பெறுகிறவர் தம் சொந்தப் பணத்தில் நகைக்கடையில் வாங்கிக்கொள்ளவேண்டும். கௌரவம் சர்க்காருடையது, செலவு நம்முடையது என்பது எல்லா தேசத்திலும் உள்ள விதிபோலும்.

இது வெறும் வேடிக்கை விஷயமல்ல. பழைய பதக்கம் சேகரிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளவேண்டியது. பல கம்பெனிகள் ஒரே பதக்கத்தைச் செய்து விற்றபடியால், அளவிலும் எடையிலும் சிறிது வித்தியாசமுள்ள இரண்டு சிலுவைகள் இரண்டுமே அசலாக இருக்கலாம். எனாமல் வில்லைகளில் செய்தவர் முத்திரை பின்புறம் இருக்கும். பாரிஸில் த்ராகோ என்ற கம்பெனி பெயர் பெற்றது. அது வீதி மாறியபோதெல்லாம் முத்திரையில் வீதிப் பெயரையும் மாற்றியது. பெராஞ்சே வீதி என்றிருந்தால் ஒரு காலம், ஒலிவியே மெத்ரா வீதி என்றிருந்தால் அதற்குப் பின் என்று சொல்லிவிடலாம். நம் நாட்டுக் கப்பற்படைச் சின்னங்களுக்கும் இத்தகைய குறி உண்டு. மேலே பிரிட்டிஷ் கிரீடம் இருந்தால் அது 1950 ஜனவரி 26-க்கு முற்பட்டது. அன்று முதல் கிரீடம் இறங்கி அசோகருடைய சிங்கங்கள் ஏறிவிட்டன.

போலிகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அசலை அச்சில் அடித்து எடுப்பார்கள். போலியை அசலின்மேல் மண் அச்சு எடுத்து வார்ப்பார்கள். வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்குகிறபடியால், போலி அசலைவிட மயிரிழை சிறிதாயிருக்கும். எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் குமிழி வெடித்த சிறு குழிகள் தெரியும். நேதாஜியின் ஆஜாத் ஹிந்த் சர்க்கார் ஏற்படுத்திய பதக்கங்களில்தான் இந்த ஆபத்து மிக அதிகம். "ஷேர்-இ-ஹிந்த்", "சர்தார்-இ-ஜங்க்" முதலியவற்றை வியன்னா நகரத்தில் சூவால் என்ற கம்பெனி செய்தது. யுத்தம் முடிந்த பிறகும் அதே அச்சில் அடித்தவை உலகமெங்கும் விலைபோகின்றன. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் தோட்ட வேலையை விட்டு அப்படையில் சேர்ந்த தமிழர்களின் வம்சத்தார் யாராவது இதைப் படித்தால், வீட்டில் உள்ளதை ஜாக்கிரதையாக வைத்திருக்கவேண்டும்; கடையில் உள்ளதை ஜாக்கிரதையாகச் சந்தேகிக்கவேண்டும்.

நமது இல்லத்தரசிகளுக்கும் ஒரு விண்ணப்பம். புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் பழைய பதக்கத்தைத் துலக்கிவிடாதீர்கள். நூறாண்டு காலம் படிந்த கறுப்புதான் அதன் வயதுக்கு அத்தாட்சி. பொன் முலாம் பூசிய நட்சத்திரத்தின் மேல் ஒருமுறை புளி பட்டால் அதன் மதிப்பும் போயிற்று, அது பொன் முலாமா வெண்கலமா என்ற சாட்சியமும் போயிற்று. கடற்காற்றில் உப்பு ஏறிப் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் உலர்ந்த மெல்லிய துணியால் ஒற்றி, ஈரமில்லாத பெட்டியில் வைப்பதே போதும்.

இதையெல்லாம் நாம் கடையிலே நின்று பார்த்துக்கொண்டிருக்கையில், நம் மனத்தில் ஒரு கேள்வி எழுந்துகொண்டே இருந்தது. இவை யாருடையவை?

இங்கேதான் பிரிட்டிஷ் பதக்கத்துக்கும் பிரெஞ்சுப் பதக்கத்துக்கும் பெரிய வேற்றுமை. முதல் மகா யுத்தத்தின் பிரிட்டிஷ் பதக்கத்தைத் திருப்பி விளிம்பைப் பார்த்தால், வீரனுடைய எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் சிறு எழுத்தில் பொறித்திருக்கும். அது எங்கே போனாலும், எந்த ஏலத்தில் விழுந்தாலும், சொந்தக்காரன் பெயர் அதோடு போகும். அந்தப் பிரிட்டிஷாரிடமும் ஒரு வஞ்சனை இருந்தது. துப்பாக்கி தூக்கியவனுக்கு அதே பதக்கத்தை வெள்ளியில் கொடுத்தார்கள். மூட்டை தூக்கிப் பாதை வெட்டிய இந்தியத் தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்தில் கொடுத்தார்கள். குண்டு விழும்போது அது வெள்ளியென்றும் வெண்கலமென்றும் பார்த்து விழவில்லை. ஆயினும், வெண்கலத்தின் விளிம்பிலும் அந்த ஏழையின் பெயரை எழுதினார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிரெஞ்சுச் சிலுவையில் பெயரே கிடையாது. சமத்துவம் பேசும் தேசமல்லவா, தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே வெண்கலம்; இருவருக்கும் பெயரில்லை. யாருக்கு, எந்த நாளில், என்ன செய்ததற்காக என்பதெல்லாம் தனியே ஒரு காகிதத்தில் இருக்கும். காகிதம் பிரிந்தால் பதக்கம் ஊமையாகிவிடுகிறது. சுதந்திரப் பிரெஞ்சுப் படையின் வில்லைகளில் பின்புறம் எண் அடித்தவை உண்டு, அவை விதிவிலக்கு. ஆனால் கடைக்காரருடைய டப்பாவிலிருந்த வில்லையின் எண் தேய்ந்துபோயிருந்தது.

"இதோடு காகிதம் ஏதாவது வந்ததா?" என்று கடைக்காரரைக் கேட்டோம்.

"காகிதமா? பெட்டி பெட்டியாக வரும் ஸார். பிரெஞ்சில் இருக்கும், யாருக்குப் புரிகிறது? பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டுவிடுவோம்" என்றார் அவர். அவர் கெட்ட மனிதரல்லர். பித்தளைக்கு ஆள் வருகிறான், காகிதத்துக்கு ஆள் வருவதில்லை. வியாபாரி வேறென்ன செய்வார்?

கடையிலிருந்து வெளியே வந்து கடற்கரைச் சாலையில் நடந்தோம். அங்கே 1938 ஏப்ரலில் திறந்த யுத்த ஞாபகச் சின்னம் இருக்கிறது. வெண்மையான தூண்களினிடையே தலை தாழ்த்தி நிற்கும் ஒரு சிப்பாய். பிரெஞ்சு இந்தியாவிலிருந்து 1914–1918 யுத்தத்துக்குப் போய் மடிந்தவர்களுக்காக எழுப்பியது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 14-ஆம் தேதி இங்கே மலர் வளையம் வைத்து இரு தேசங்களின் கீதங்களையும் இசைக்கிறார்கள். பிரெஞ்சுப் படையில் சேவித்துப் பென்ஷன் பெறும் முதியவர்கள் பதக்கங்களை மார்பில் அணிந்து வரிசையாக நிற்பது அன்றைக்குத்தான். அவர்களை ஊரார் "சொல்தா" என்று சொல்வார்கள். சிப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்தான் தமிழ் நாவில் இப்படிக் குடியேறிவிட்டது. "சொல்தா வீட்டுப் பிள்ளை" என்றால் அந்த வீட்டுக்குப் பிரான்சிலிருந்து பணம் வருகிறது என்று பெண் வீட்டார் கணக்கிட்டுக்கொள்ளும் காலம் ஒன்று இருந்தது.

முதல் யுத்தம் நடந்த ஆண்டுகள் முழுவதும் பாரதியார் இந்த ஊரில்தான் இருந்தார். 1908 முதல் 1918 வரை அவருக்குப் புகலிடம் இதுவே. அந்த யுத்தத்தில் எதிர்த்து நின்று தோற்ற பெல்ஜியத்தை வாழ்த்தி அவர் பாடியிருக்கிறார். அவர் இருந்த அந்த ஊரிலிருந்துதான் இளைஞர்கள் கப்பலேறிப் போனார்கள்.

அந்த யுத்தத்தைத் தமிழர் வீடுகளுக்குள் கொண்டுவந்தது பிரான்சின் போர்க்களமல்ல, எம்டன் கப்பல்தான். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு அது சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. இன்றும் அடங்காத பிள்ளையை "எம்டன்" என்கிறோம். அடுத்த மாதம் 28-ஆம் தேதி பினாங்குத் துறையருகே "மூஸ்கே" என்ற பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் அது மூழ்கடித்தது. நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவில் "ஸிட்னி" என்ற ஆஸ்திரேலியக் கப்பல் எம்டனை முடித்தது. சேகரிப்பவர்களுக்கு அதிலும் ஒரு பதக்கம் உண்டு. உடைந்த எம்டனுக்குள் மெக்ஸிக்கோ தேசத்து வெள்ளி நாணயங்கள் கிடைத்தன. அவற்றில் ஆயிரத்தை எடுத்து மேலே கிரீடம் பொருத்திப் பதக்கமாக்கினார்கள். சில ஸிட்னியின் மாலுமிகளுக்குப் போயின, சில பொதுமக்களுக்கு விற்பனையாயின. சென்னையை அச்சுறுத்திய கப்பலின் கஜானா, எங்கோ ஒரு சீமாட்டியின் நகைப்பெட்டியில் தொங்கும் வெள்ளி வில்லையாக முடிந்தது.

ஞாபகச் சின்னத்தின் எதிரே நிற்கும்போது வேறு ஒரு தேதியும் நம் நினைவுக்கு வந்தது. அதைத் திறப்பதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1936 ஜூலை 30-ஆம் தேதி, இதே ஊரில் எட்டு மணி வேலைக்காகப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் மேல் இதே சர்க்கார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. பன்னிரண்டு பேர் மடிந்தனர். அவர்களுக்கு நாடாவும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. இந்தோசீனாவில் வியத்நாமியர் தங்கள் விடுதலைக்குப் போராடியபோது அவர்களுக்கு எதிராக அனுப்பிய படையிலும் புதுச்சேரித் தமிழர் இருந்தார்கள். அதற்கும் பதக்கம் உண்டு. ஆகையால் இந்த டப்பாவிலுள்ள ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளவேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் கொடுத்தவன் வேறு, அணிந்தவன் வேறு. காரைக்கால் குடிசையிலிருந்து பசிக்காகவோ, பென்ஷனுக்காகவோ, ஊர் பார்க்கும் ஆசைக்காகவோ போனவன் அங்கே என்ன கண்டான், என்ன செய்தான் என்று அறியும் உரிமை நமக்கு உண்டு. அவன் தமிழன். அவன் கதை பிரெஞ்சுக்காரன் சரித்திரத்தில் ஒரு வரி; நம் சரித்திரத்தில் இன்னும் அந்த ஒரு வரியும் இல்லை.

அன்று மாலை நண்பர் நம்மை ஒரு வீட்டுக்கு அழைத்துப்போனார். கால்வாய்க்கு மேற்கே, தமிழர் பகுதியில், தெருத் திண்ணையும் ஓட்டுத் தாழ்வாரமும் உள்ள பழைய வீடு. எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மாள் அங்கே தனியாக இருக்கிறார். அவருடைய பாட்டனார் முதல் யுத்தத்துக்கும், தந்தையார் இந்தோசீனாவுக்கும் போனவர்கள். பேரன் பிரான்சில் இருக்கிறான்.

"வா தம்பி, இவர்கள் யார்?" என்று நண்பரை விசாரித்துவிட்டு, நமக்குக் காப்பி கொடுத்த பின்னரே அம்மாள் பெட்டியை எடுத்தார். பிஸ்கோத்து வந்த பழைய தகரப் பெட்டி. உள்ளே மூன்று பதக்கங்கள். அவற்றின் அடியில் நான்காக மடித்த காகிதங்களும், சிப்பாய்க்குக் கொடுக்கும் சேவைப் புஸ்தகம் ஒன்றும். ஒரு வியாபாரி இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறானாம். பதக்கத்துக்கு நல்ல விலை சொன்னானாம். காகிதம் வேண்டாமென்றானாம்.

"பேரனைக் கேட்டேன். போட்டோ எடுத்து அனுப்பு பாட்டி, அது போதும் என்கிறான். நான் போன பிறகு இது யாருக்கு?" என்றார்.

நண்பர் காகிதத்தை மெதுவாகப் பிரித்தார். மடிப்புகளில் அது நாலு துண்டாகப் பிரியும் நிலையில் இருந்தது. மேஜைமேல் விரித்து, முதலில் பிரெஞ்சில் வாசித்து, பிறகு வரி வரியாகத் தமிழில் சொன்னார். பாட்டனார் ஒரு ரெஜிமெண்டின் உத்தரவில் பாராட்டுப் பெற்றவர். குண்டு வீச்சினிடையே செய்தி கொண்டுபோனதற்காக. சிலுவையின் நாடாவில் இருந்த வெண்கல நட்சத்திரம் அதுதான். அம்மாள் அந்த நட்சத்திரத்தைச் சிறு வயது முதல் பார்த்திருக்கிறார். அது அலங்காரம் என்றே நினைத்திருந்தாராம். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இன்னொரு தடவை படி தம்பி" என்றார்.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயர் உண்டு. 1881-ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டத்தின்படி, தங்கள் பரம்பரை வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற இந்தியர்கள் அத்தகைய பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். தேடுகிறவர்களுக்கு இந்தப் பெயர் ஒரு திறவுகோல். முதல் யுத்தத்தில் பிரான்சுக்காக உயிர்நீத்தவர்களின் அட்டைகளை அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு "மேமுவார் தேஸோம்" என்ற பெயரில் இணையத்தில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. லெழியோன் தொன்னேர் பெற்றவர்களுக்கு "லெயோனோர்" என்ற தனி ஜாபிதா இருக்கிறது. பிறந்த ஊரும் பெயரும் தெரிந்தால் வீட்டிலிருந்தபடியே தேடலாம். பெயர் தெரியாத பதக்கத்துக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை.

விற்பது, விற்காதிருப்பது அவரவர் சௌகரியம். முதுமையில் பணத்தேவை உள்ளவரைப் பார்த்துச் சரித்திரத்தைக் காப்பாற்று என்று உபதேசிக்க நமக்கு வாய் வரவில்லை. நாம் சொன்னது இவ்வளவே: கொடுப்பதானால் காகிதத்தோடு சேர்த்துக் கொடுங்கள், தனித்தனியே கொடுக்காதீர்கள். சேகரிக்கும் நண்பர்களுக்கும் இதையே சொல்லுவோம்: பித்தளையை வாங்கும்போது காகிதத்தையும் கேளுங்கள், இல்லையென்றால் எந்தத் தெருவில், எந்த வீட்டிலிருந்து வந்தது என்றாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் யுத்தப் பொருள்கள் நூறு வயதைத் தாண்டிவிட்டன. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரப் பொருள்களை அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைத் தடுக்கிறது. பாரிஸிலிருந்து வந்த சிலுவையைப் பாரிஸுக்கே எடுத்துப்போக நினைக்கும் பேரனும் இதை முன்கூட்டி விசாரித்துக்கொள்வது நலம்.

நண்பர் தம் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் காகிதம் ஒன்றை எடுத்து மூன்று சீட்டுகளாகக் கிழித்தார். ஒவ்வொன்றிலும் பெயர், பிறந்த ஊர், ஆண்டு, பதக்கத்தின் பெயர் ஆகியவற்றைத் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதினார். அம்மாள் உள்ளே போய்ப் பூக்கட்டும் நூல்கண்டை எடுத்துவந்தார். நாடாவைத் துளைக்காமல், மேல் வளையத்தில் மட்டும் நூலைக் கோத்துச் சீட்டுகளைக் கட்டினோம். மூன்றாவதைக் கட்டும்போது விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. அம்மாள் பெட்டியை மூடவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள், காட்டவேண்டும் என்றார்.